எம்.பி.ஏ. சேரும் நம் பிள்ளைகளும் பக்கத்து இருக்கையும்

நீளமான பதிவு இது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்க வேண்டாம். சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படியுங்கள்.

போன ஒரு மாதத்தில் உங்களில் நான்கு பேர் எனக்குப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், பொண்ணு எம்.பி.ஏ. படிக்கணும்ங்கறா, எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்?" ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது! கல்லூரிகளின் தரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான்கு பேரும் பேச்சின் நடுவில் ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள். "படிப்பை விட நெட்வொர்க்தான் முக்கியம்னு சொல்றாங்க டீச்சர், அதுக்குத்தான் அவ்வளவு ஃபீஸாம்." அந்த நெட்வொர்க் விஷயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளை யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்று யோசித்தே கழித்தவள் நான்.

முதலில் நம் வீட்டுக் கதை. என் அண்ணன் மகனுடைய மகள் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. உறவினர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், பரவாயில்லை. அடுத்த கல்யாணத்தில் அவளைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்காமல் இருந்தால் போதும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரோஜாத் தோட்டம், அதுதான் குடும்ப வருமானம். 2020 ஊரடங்கில் பறித்த பூவை வாங்க ஆளில்லாமல் குப்பையில் கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். அதிலிருந்து இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. அந்த நிலத்தின் பத்திரம் இப்போது வங்கியில் இருக்கிறது, அவள் படிப்புக்காக.

கல்லூரி சேர்ந்து ஏழாவது வாரம். இரவு பதினோரு மணிக்குப் போன். "டீச்சர் பாட்டி, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?" சொந்தத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் நான் டீச்சர் பாட்டிதான். உடம்பு சரியில்லையா என்றேன், இல்லை என்றாள். பாடம் புரியவில்லையா? கணக்குப் பதிவியலில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண்ணாம். யாராவது ஏதாவது சொன்னார்களா? யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் பாட்டி பிரச்சினை என்றாள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 120 பேர். லிங்க்ட்இன் என்று ஒன்று இருக்கிறதே, அதில் 340 பேர். மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் எந்த மேசையில் போய் உட்காருவது என்று தெரியவில்லை. இந்தி பேசுகிறவர்கள் ஒரு மேசை, மலையாளப் பிள்ளைகள் ஒரு மேசை, பெங்களூர் கான்வென்ட் பிள்ளைகள் இரண்டு மேசை. "யாரும் கெட்டவங்க இல்ல பாட்டி. ஹாய் சொல்வாங்க, சிரிப்பாங்க. அப்புறம் அவங்க விட்ட பேச்சைப் பிடிச்சுக்குவாங்க. நான் போனைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டு எழுந்துடுவேன்." ஏழு வாரமாக இப்படி. கல்லூரிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் பலூன் ஊதி விளையாடவைத்தார்களாம். ஒரு நட்சத்திர ஓட்டலில் 'நெட்வொர்க்கிங் டின்னர்' கூட நடந்ததாம். அங்கேயும் அதே மேசைகள், ஓட்டல் மட்டும்தான் வேறு.

இரண்டு நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவளும் தன் பாடத்தில் வந்த சில கட்டுரைகளை எனக்கு அனுப்பினாள். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும், அகராதி பக்கத்தில் இருந்தால்தான் நகரும். ஆனால் படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான்.

நியூயார்க்கில் கொலம்பியா பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த பால் இங்க்ராம், மைக்கேல் மோரிஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. படிக்கும் பெரிய உத்தியோகக்காரர்கள் ஏறத்தாழ நூறு பேரை ஒரு மாலை விருந்துக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சின்ன மின்னணுப் பட்டை. யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்று பேசினார்கள் என்பதை அது பதிந்துகொள்ளும். எதற்கு வருகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டபோது, புது ஆட்களைச் சந்திக்கத்தான் என்று பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். நடந்தது என்ன? சராசரியாக ஒருவருக்கு அந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் முன்பே பழக்கம். அந்த மூன்றில் ஒரு பங்கோடுதான் பாதி நேரம் போயிருக்கிறது. அன்று எல்லாரையும் விட நன்றாகக் கலந்து பேசியவர் யார் என்று பார்த்தால், பானம் ஊற்றிக் கொடுத்த ஆள்!

இதைப் படித்ததும் எனக்கு நம் கல்யாண மண்டபங்கள்தான் கண்ணில் வந்தன. நம் எல்லைப் பக்கக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டில் தெலுங்கு, பெண் வீட்டில் கன்னடம், வந்த கூட்டத்தில் பாதி தமிழ். மூன்று பாஷையும் எல்லாருக்கும் அரைகுறையாக வரும். ஆனாலும் மண்டபத்தில் நாற்காலியைத் தன் ஆட்கள் பக்கம் இழுத்துப் போட்டுத்தான் உட்காருவார்கள். எல்லாரிடமும் பேசி வருகிறவன் பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிற பையன் ஒருவன்தான். முன்பெல்லாம் முதல் நாள் இரவு இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து காய் நறுக்க உட்காருவோம். விடிவதற்குள் யார் வீட்டில் யாருக்கு முட்டிவலி என்பது வரை தெரிந்துவிடும். இப்போது காண்ட்ராக்ட் சமையல் வந்து அதுவும் போயிற்று.

கையில் ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். "போய்ப் பழகு" என்று சொல்லி அனுப்பினால் யாரும் பழகுவதில்லை.

என்னிடம் படித்தவர்களில் 2007க்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்குச் செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை கொண்டு வந்தார்கள். பெஞ்சை ஓரங்கட்டி, பாய் விரித்து, சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை அடித்து, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, வகுப்பறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை கற்றல் ஏணியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து அட்டையை எடுக்கும். அந்த அட்டையில் ஒரு படம் இருக்கும். படத்தைப் பார்த்து எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை, ஒரு குழுவுக்குச் சக மாணவர் துணை, ஒரு குழு தானே படித்துக்கொள்ளும், இப்படி ஆறு குழு. அந்த முறையில் எங்களுக்குப் பல குறைகள் தெரிந்தன, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் கவனித்த ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பெஞ்சு இருந்த காலத்தில், தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், கன்னடப் பிள்ளைகள் பின்னால், ஊருக்குள் இருப்பவர்கள் முன்னால், காலனிப் பிள்ளைகள் கதவோரம் என்று தானாகவே அமைந்துவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை, வீட்டிலிருந்தே கொண்டு வருவார்கள். நான் மாற்றி உட்காரவைத்தால் மதிய இடைவேளை முடிந்ததும் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வந்து என்னோடு சண்டை போட்டதும் உண்டு. அட்டை வந்த பிறகு அந்தச் சண்டை நின்றது. "டீச்சர் ஏன் என் பையனை அவன் பக்கத்துல உட்கார வெச்சீங்க?" என்று கேட்க முடியாதே! உட்காரவைத்தது அட்டை. இன்றைக்கு முயல் படம் வந்த ஐந்து பேர் ஒரு பாயில். நாளைக்கு வேறு ஐந்து பேர். பாயில் உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியாது, முன்னால் மணியும் குச்சியும் இருக்கும், எண்ணியாக வேண்டும். மூன்று வருடம் இப்படி உட்கார்ந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுக்கு வந்தபோது பழையபடி பிரியவில்லை. முழுதாகக் கலந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் சில வீடுகளின் பழக்கம் தலை நீட்டத்தான் செய்தது. ஆனால் ஜன்னல் பக்கம், கதவோரம் என்ற கணக்கு போய்விட்டது.

இனி அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு வாருங்கள். 1908ல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் ஒரு வருடத்துக்குச் சுமார் 900 பேரைச் சேர்க்கிறார்கள். அவர்களைத் தொண்ணூறு தொண்ணூறு பேராகப் பிரித்து, 'செக்‌ஷன்' என்று பெயர் வைத்து, முதல் வருடம் முழுவதும் ஒரே அறையில் உட்காரவைக்கிறார்கள். எந்தச் செக்‌ஷன் என்பது மாணவர் கையில் இல்லை. உட்காரும் இடத்தையும் பள்ளியே குறித்துக் கொடுத்துவிடும், மேசை முன்னால் பெயர் அட்டை இருக்கும். பாடம் மாறும்போது மாணவர் எழுந்து போவதில்லை, ஆசிரியர்தான் மாறி மாறி வருவார். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது நம் பஞ்சாயத்து யூனியன் பள்ளி அல்லவா! பெல் அடித்தால் டீச்சர்தானே வகுப்பு மாறுவார்?

இப்படிச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரிப்பதால், பக்கத்தில் உட்கார்ந்தவரால் ஒருவர் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்று ஆராய்ச்சியாளர்களால் கணக்கெடுக்க முடிந்திருக்கிறது. கெல்லி ஷூ என்ற பெண் பேராசிரியர் 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே செக்‌ஷனில் படித்தவர்கள் பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளை நடத்தும்போது, அவர்களுடைய சம்பளமும், வேறு கம்பெனிகளை வாங்கும் முடிவுகளும், அதே வருடம் பக்கத்து அறையில் படித்தவர்களை விட ஒருவருக்கொருவர் ஒத்துப்போகின்றன என்று காட்டினார். பழைய மாணவர் சந்திப்பு நடந்த அடுத்த வருடத்தில் இந்த ஒற்றுமை இன்னும் கூடுகிறதாம். நண்பன் செய்தானே என்று நாமும் செய்வது எப்போதும் நல்லதற்கு என்று சொல்ல முடியாது. நம் ஊரில் ஒருவர் போர் போட்டால் தெருவே போர் போடுகிற கதைதான்.

எனக்குப் பிடித்தது இன்னொரு ஆய்வு. ஜோஷ் லெர்னர், உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இருவர் செய்தது. ஏற்கெனவே சொந்தத் தொழில் நடத்திப் பார்த்தவர்கள் அதிகம் இருக்கும் செக்‌ஷனில் படித்தால், படித்து முடித்து நிறையப் பேர் தொழில் தொடங்குவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். குறைவாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் குறைந்தது முக்கியமாகத் தோற்றுப்போகிற தொழில்கள். பட்டவன் பக்கத்தில் இருந்து "இது ஓடாதுப்பா" என்று சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். நெட்வொர்க் என்றால் வேலை வாங்கித் தரும் ஆள் என்று மட்டும் நினைக்கிற பெற்றோர் இதைக் கவனியுங்கள். நிலப் பத்திரத்தை அடகு வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு "வேண்டாம்" என்று உரிமையோடு சொல்கிற ஒரு சிநேகிதம் கிடைத்தால் அதன் விலை என்ன?

கட்டடம் கட்டியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த லூயி கான், மாணவர் விடுதியில் நீள நடைபாதையே வைக்கவில்லை. பத்துப் பத்து அறைகளாக, நடுவில் மாடிப்படி, அதை ஒட்டி ஒரு டீ அறை. அறையை விட்டு வெளியே வந்தால் நாலு பேர் முகத்தில் விழித்தாக வேண்டும். அவரோடு வேலை செய்த பாலகிருஷ்ண தோஷிதான் பிறகு நம் பக்கத்தில் பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மைக் கட்டினார். தோஷிக்கு 2018ல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது, கட்டடக் கலைக்கு அதுதான் உலகத்திலேயே பெரிய பரிசு. இவர் செய்தது கானுக்கு எதிர்மாறு. நடைபாதையை எடுக்கவில்லை, அகலமாக்கிவிட்டார். கருங்கல் சுவர், மேலே பந்தல் போல் கம்பங்கள், இடையில் வெயிலும் செடிகொடியும். வகுப்பு முடிந்தும் அங்கேயே நின்று பேசத் தோன்ற வேண்டும், பாடத்தில் பாதி அங்கேதான் நடக்கும் என்பது அவர் எண்ணம். 'த்ரீ இடியட்ஸ்' இந்திப் படம் பார்த்தவர்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எஞ்சினியரிங் கல்லூரி என்று படத்தில் காட்டியது அந்த எம்.பி.ஏ. கல்லூரியைத்தான்.

எல்லாக் கல்லூரிக்கும் தோஷி கிடைக்கமாட்டார். பேத்தியின் கல்லூரி ஏழு மாடி, லிஃப்ட், கண்ணாடி. வகுப்பு முடிந்ததும் லிஃப்ட் முன்னால் வரிசை, அவ்வளவுதான். உட்காரத் திண்ணை கூட இல்லை.

இன்னொன்றும் அவள் சொன்னாள், அதைக் கேட்டுத்தான் எனக்கு மனசு வலித்தது. பழகுவதற்குக் காசு வேண்டும். பிறந்த நாள் என்றால் வெளியே சாப்பாடு, பில்லைச் சமமாகப் பிரிப்பார்கள். இவள் ஒரு சூப் குடித்தாலும் எண்ணூறு ரூபாய். கோவா பயணம் தலைக்குப் பன்னிரண்டாயிரம். ஒரு தடவை வயிற்று வலி என்றாள், ஒரு தடவை அப்பா வரச் சொன்னார் என்றாள். மூன்றாவது தடவை அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள். இவள் திமிர் பிடித்தவள் என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்ததாம். காசில்லை என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளை வெளியே பார்க்கத் திமிர் பிடித்ததாகத்தான் தெரியும். கல்லூரி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நட்சத்திர ஓட்டல் டின்னருக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, வளாகத்திலேயே ஒரு டீக்கடை போட்டு, நாலு கல் பெஞ்சு போடுங்கள். பத்து ரூபாய் டீயில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள்.

ஊரில் செல்வாக்கான குடும்பத்துப் பிள்ளைக்கு நெட்வொர்க் வீட்டிலேயே இருக்கிறது. மாமா ஆடிட்டர், சித்தப்பா கம்பெனி இயக்குநர். எம்.பி.ஏ.யில் கிடைக்கும் நண்பர்கள் அவனுக்குக் கூடுதல் லாபம். நம் பிள்ளைகளுக்கு அதுதான் முதலே. நமக்கு உறவு இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது, ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறோம். எனக்குத் தெரிந்த வேலைதான் என் தங்கைக்கும் தெரியும், என் மச்சினருக்கும் தெரியும்.

1973ல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் இதைத்தான் எழுதினார். அமெரிக்காவில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி, அதாவது வாரம் இரண்டு தடவையாவது பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். எப்போதாவது என்றவர்கள் ஐம்பத்தாறு பேர். அபூர்வமாக, வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம் என்றவர்கள் இருபத்தெட்டு பேர். நெருங்கினவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தள்ளி இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும்.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்பதுகளில் சிப்காட்டில் கம்பெனிகள் வரிசையாக வந்தபோது, எந்த வாசலில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி எப்படிப் பரவியது? பஸ் நிறுத்தத்தில் முகம் மட்டும் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் உங்களில் பலருடைய அப்பாக்கள் வேலைக்குப் போனார்கள். டைட்டன் வாட்ச் தொழிற்சாலைக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடுத்தபோது, வீடு பிடித்துச் சேர்ந்து தங்கவைத்து, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் போல ஆட்களையும் வைத்தார்கள். ஊர் விட்டு வந்த பிள்ளைக்குச் சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு கடிகாரக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

பேத்தி கதைக்கு வருகிறேன். அவள் வீட்டுக்கு வந்துவிடவில்லை. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தினமும் இரவு சாப்பிடும்போது எனக்கு வீடியோ கால் போடு, இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. திருப்பம் அவள் துணிச்சலாலும் வரவில்லை. இரண்டாவது பருவத்தில் சந்தையியல் எடுக்க வந்த பேராசிரியை, களப்பணிக்குக் குழு பிரிக்கும்போது, நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள் என்று விடாமல், பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு எடுத்தாராம். வகுப்பில் ஒரே முணுமுணுப்பு. அவர் அசையவில்லை. எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல் இருக்கிறது.

இவளோடு வந்தது பாட்னாவிலிருந்து ஒரு பையன், மங்களூர்ப் பெண் ஒருத்தி, பெங்களூர் இந்திரா நகர் பையன் ஒருவன். அழுகும் பொருளின் வியாபாரம் என்பது தலைப்பு. என்ன பொருள் எடுப்பது என்று மற்ற மூவரும் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் "எங்க வீட்டுல ரோஜா" என்றாளாம். ஏழு மாதத்தில் வகுப்பில் தன் வீட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஜனவரி கடைசியில், காதலர் தினத்துக்குத் தாஜ்மகால் ரோஜா ஏற்றுமதிக்குக் கிளம்பும் பரபரப்பில், நான்கு பேரும் ஓசூர் வந்தார்கள். அதிகாலை நாலு மணிக்குப் பூச்சந்தை. வியாபாரி ஒருவரிடம் தெலுங்கில் விலை, லாரிக்காரரிடம் கன்னடத்தில் வாடகை, கணக்குப்பிள்ளையிடம் தமிழில் கமிஷன் என்று இவள் மாறி மாறிப் பேசியதைப் பார்த்து இந்திரா நகர் பையன் வாயைப் பிளந்துவிட்டானாம். நம் வீட்டு நண்டுசிண்டு கூடச் செய்யும் வேலை அது! பெங்களூர்க்காரனுக்குக் கன்னடம் அரைகுறை. அன்று மதியம் நால்வரும் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். களியும் கீரைக் கடைசலும். களியை மெல்லாமல் விழுங்கச் சொல்லிக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாட்னாப் பையன் அவன் ஊர் சத்து மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். அவனும் கடன் வாங்கித்தான் படிக்கிறான், கோவாவுக்கு அவனும் போகவில்லை. அதுவரை இருவருக்கும் இது தெரியாது. ஒரே வகுப்பில் இருபது அடி தள்ளி உட்கார்ந்து இரண்டு பேரும் தனித்தனியாக வயிற்று வலி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கதை முழுக்க இனிப்பு என்று நினைக்காதீர்கள். மங்களூர்ப் பெண்ணுக்கும் இவளுக்கும் ஒத்துவரவில்லை. அறிக்கையை யார் எழுதியது என்பதில் வந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. இந்திரா நகர் பையன் நண்பன் ஆகவில்லை, தெரிந்தவன் ஆனான். கிரானோவெட்டர் கணக்குப்படி அதுவே போதும். கோடைப் பயிற்சிக்கு ஒரு கம்பெனியில் இடம் இருக்கிறது என்ற செய்தி அவன் மூலம்தான் வந்தது. வேலை இன்னும் கிடைக்கவில்லை, கல்லூரிக்குக் கம்பெனிகள் வருவது இனிமேல்தான். ஆனால் மெஸ்ஸில் எங்கே உட்காருவது என்ற கேள்வி போய்விட்டது. என்னோடு வீடியோ காலில் சாப்பிடுவதும் வாரம் ஒரு நாள் என்று குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

போன் செய்த நான்கு பெற்றோருக்கு: கல்லூரி பார்க்கப் போகும்போது வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். குழுவை யார் பிரிக்கிறார்கள், மாணவரா, ஆசிரியரா? விடுதி அறையில் யாரோடு தங்குவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? "அவங்களே ஃப்ரெண்ட்ஸ் பிடிச்சுக்குவாங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிறகு, பிள்ளைக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் டீக்கு என்று தனியாகக் கொடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள்.

சேரப்போகும் பிள்ளைகளுக்கு: விழா நடந்தால் விருந்தினராகப் போகாதே, ஏதாவது வேலையை வாங்கிக்கொள். நாற்காலி போடு, பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு வாசலில் நில், மைக் பார்த்துக்கொள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. காசில்லை என்றால் காசில்லை என்று சொல். பாதி வகுப்பு அதைக் கேட்கக் காத்திருக்கும்.

கடைசியாக ஓர் உதவி. பேத்தியும் பாட்னாப் பையனும் ரோஜாவைக் குளிர்பதனத்தில் வைத்து விற்பது பற்றி இந்த வருடமும் தொடர்ந்து செய்கிறார்கள். உங்களில் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவர், பூ ஏற்றுமதியில் இருப்பவர், மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பார்ப்பவர் யாராவது ஒரு மணி நேரம் ஒதுக்கி அவர்களோடு பேச முடியுமா? நேரில் வரச் சொன்னாலும் வருவார்கள், பஸ் செலவு அவர்களுடையது. அந்தத் தொழிலில் நட்டப்பட்டவர் யாராவது இருந்தால் அவசியம் பேசுங்கள். அவர்கள் நம்பரை இங்கே போடவில்லை, என்னைக் கூப்பிடுங்கள். பழைய நம்பர்தான். காலையில் கூப்பிட்டால் நல்லது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் சீரியல் நேரம், எடுக்க மாட்டேன்.